மறுபடியும் என்ற ஒரு சொல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து என் மீது மோதி நின்றது. ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் கிளட்ச் அக்கா. "கிளட்ச்ச மெதுவா விடுங்க, அதுக்கும் உயிர் இருக்கு" என்று வருகிற எல்லோரிடமும் சொல்வாளாம். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். அவள் என்னை மேடம் என்றாள்.

ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டே, அடிவயிற்றில் வலியாக இருக்கிறது, டாக்டரிடம் போனேன், வாயு என்று மாத்திரை கொடுத்தார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். வண்டி நின்றது. நான் நிறுத்தவில்லை. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்.

"தொட்டுப் பாத்தாரா மேடம்?"

"எதை?"

"வயித்த."

"இல்ல. கேட்டார், சொன்னேன், எழுதிக் கொடுத்தார்."

"வேற டாக்டரைப் பாருங்க. இன்னிக்கே பாருங்க."

எனக்கு உண்மையிலேயே வாயுதான். வேறு டாக்டர் பார்த்து, அழுத்தி, ஸ்கேன் எடுத்துச் சொன்னார். ஆனால் அன்று ஓரமாக நின்ற அந்த வண்டிக்குள் அவள் சொல்ல ஆரம்பித்தது வாயுவைப் பற்றி இல்லை. முடித்தபோது சொன்னாள்: "நீங்க கதை எழுதுறவங்களாமே. எழுதுங்க. பேர் போட வேண்டாம். என்னைய அழ வைக்காதீங்க, நான் அழல. ஆனா நோயோட பேரை மட்டும் மறைக்காதீங்க."

நோயின் பெயர் வெட்டை. டாக்டர்கள் கொனோரியா என்பார்கள். இதோ, மறைக்கவில்லை. இப்போதே புத்தகத்தை மூட நினைப்பவர்கள் மூடலாம்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் தூக்கிப் போட்டேன். ஏன் போட்டேன் என்று காட்டுகிறேன்.

முதலாவது: மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரமாக நின்று——

[அவளிடம் படித்துக் காட்டினேன். "மழையா? வெயில் மண்டையப் பொளந்துச்சு மேடம். ஜன்னல் பக்கமே போகல, அங்க அனல் அடிக்கும்" என்றாள்.]

இரண்டாவது: அவள் கணவனைத் தவிர வேறொரு ஆணை ஏறெடுத்தும் பாராத குடும்பப் பெண். அவளுக்குப் போய்——

[இதை நானே அடித்தேன். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. அவளுக்கு வலித்தது என்று நீங்கள் நம்புவதற்கு முன் நான் ஏன் அவளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்? அவள் பத்துப் பேரோடு இருந்திருந்தால் வலி குறைந்திருக்குமா? மருந்து வேறா? "அவளுக்குப் போய்" என்றால் யாருக்குப் போய் வந்தால் உங்களுக்குச் சம்மதம்?]

மூன்றாவது: கிருமிக்குக் கண் கிடையாது, அது ஆண் பெண் பார்ப்பதில்லை——

[வாக்கியம் அழகாக இருந்தது. அதனால்தான் எடுத்தேன். பொய்யும்கூட. கிருமி பார்க்காமல் இருக்கலாம். அதற்கு வைத்தியம் பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள்.]

ஆகவே நடந்ததை நடந்தபடியே தொடங்குகிறேன்.

3

அவளுக்கு அடிவயிறு வலித்தது.

முதலில் விட்டுவிட்டு வலித்தது. நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்துக்கொண்டாள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பள்ளத்தில் வண்டியை இறக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். பிறகு கணவனோடு சேரும்போதும் வலித்தது. வெள்ளைபடுதல் நிறம் மாறியிருந்தது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கணவனிடம் சொன்னாள். அவன் ஒரு நிமிடம் சுவரையே பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட போயேன்" என்றான்.

அவன் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தான். பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, நாட்காட்டி. கையில் எப்போதும் மை இருக்கும். [அவள் பேச்சில் கணவன் எப்போதும் 'அவர்'தான். கதைக்குள் 'அவன்' ஆக்கியது நான். இந்த ஒருமையில் இருக்கும் கோபம் என்னுடையது.]

டாக்டர் என்றால் அவர்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான். மாமியாரின் சர்க்கரை, அவனுடைய முதுகுவலி, அவளுக்கு வந்த காய்ச்சல் எல்லாமே அவரிடம்தான். குடும்ப டாக்டர். அவர் எதிரே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்துச் சொன்னாள். வலிக்கிறது என்றாள். கீழே என்றாள். அந்த நேரத்திலும் என்றாள். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். நாடி பிடித்துப் பார்த்தார்.

"நேரத்துக்குச் சாப்பிடுறதில்ல. வண்டியிலயே உக்காந்திருக்கே. வாயுதாம்மா, வேறென்ன."

மாத்திரை எழுதினார். வயிற்றில் வலி என்று வரும் பெண்களுக்கெல்லாம் வாயு என்றால், உலகத்தில் பாதிப் பெண்கள் இந்நேரம் பறந்துகொண்டிருக்க வேண்டும்.

வலி போகவில்லை. இன்னொரு தடவை போனாள். வேறு நிறத்தில் மாத்திரை. மூன்றாவது தடவை போனபோது, "மனசப் போட்டு ஒழப்பிக்காதே. குழந்தை இல்லாத கவலை வயித்துல தங்கும்" என்றார். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அந்தச் சில வருடங்களை ஊரே எண்ணிக்கொண்டிருந்தது, அவள் எண்ணவில்லை. டாக்டர் சொன்ன பிறகு அவளும் யோசித்தாள். கவலைதானோ. நமக்கே தெரியாமல் கவலைப்படுகிறோமோ.

தன் வலியையே ஒருத்தி நம்பாமல் போகிற அளவுக்கு அன்பாகப் பேசத் தெரிந்தவர் அவர்.

4

[இந்தப் பகுதியில் கதை நகராது. எனக்குக் கத்த வேண்டும். அவசரம் உள்ளவர்கள் ஐந்துக்குப் போய்விடலாம்.]

இந்த நோய்களுக்கு நம் பேச்சு மொழியில் ஒரு பழைய பெயர் உண்டு: பொம்பளை சீக்கு. ஆணுக்கு வந்தாலும் பொம்பளை சீக்குதான். "அவனுக்குப் பொம்பளை சீக்காம்" என்பார்கள். மலேரியாவைக் கொசுச் சீக்கு என்று யாரும் சொல்வதில்லை. கொசுவுக்குக் கொடுக்கிற மரியாதை அது. ஆம்பளை சீக்கு என்று ஒரு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. வயதானவர்களிடம் கேட்டேன். சிரித்தார்கள்.

இப்போது நாகரிகமாகப் பால்வினை நோய் என்கிறோம். ஆஸ்பத்திரிப் பலகைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வினை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு விதைப்பதும் அறுப்பதும் ஞாபகம் வந்துவிடும். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்தக் கதையில் விதைத்தது ஒருவன், அறுத்தது வேறொருத்தி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இதற்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் பழமொழி வைத்திருக்கிறோம். ஊசி மட்டும் நேரத்துக்குப் போடவில்லை.

இந்தக் கதையின் முன்வரைவை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர்.

"கதை நல்லா வந்திருக்குங்க. நோயை மட்டும் மாத்திடலாமா? கர்ப்பப்பைல கட்டின்னு வைங்க. படிக்கிறவங்க பரிதாபப்படுவாங்க."

"இதுக்குப் பரிதாபப்பட மாட்டாங்களா?"

"இதுக்கு யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

கேட்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். யாரிடமிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

5

ஒரு சாயங்காலம் அவன் அச்சகத்தைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். அவள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமியார் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவன் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லணும்."

"கேளுங்க."

"வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்கள்ல யாரு?"

"யாருன்னா?"

"எனக்கு நோய் வந்திருக்கு."

அவள் எழுந்துவிட்டாள். "என்ன நோய்? என்ன பண்ணுது?"

"அந்த மாதிரி நோய். டாக்டர் சொல்லிட்டார், இது வீட்லேருந்துதான் வந்திருக்கும்னு."

மாமியாரின் கையில் ஒரு துண்டு பாதி மடித்தபடி நின்றது. "நான் அன்னிக்கே சொன்னேன். கண்ட ஆம்பளைங்களோட ஒரே வண்டியில ஊர் சுத்துற வேலை நமக்கு வேண்டாம்னு. யாரு கேட்டா?"

"அத்தை, கொஞ்சம் இருங்க." அவள் கணவனைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரியல. தெளிவாச் சொல்லுங்க."

"என்ன தெளிவாச் சொல்றது? நான் சுத்தமா இருக்கேன். ஊசி போட்டு, மாத்திரை சாப்பிட்டு, எல்லாம் சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் நான் எங்கயும் போகல. அப்படியிருந்தும் மறுபடியும் வந்திருக்குன்னா அது உன்கிட்டேருந்துதானே?"

[இந்த இடத்தில் அவள் அலறினாள் என்று எழுதியிருந்தேன். தலையில் இடி விழுந்ததுபோல் என்றும் எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இல்ல மேடம். ரொம்ப அமைதியாயிட்டேன். புதுசா ஓட்டறவங்க எதிர்ல லாரியப் பாத்துப் பயந்து ஸ்டியரிங்க விட்டுடுவாங்க பாருங்க, அப்ப நான் எப்படி இருப்பேனோ அப்படி."]

"மறுபடியும்னா?" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். சொன்ன சொல் அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

"மறுபடியும்னா என்னங்க அர்த்தம்? முன்னாடி எப்ப வந்துச்சு?"

"அதெல்லாம் முடிஞ்சு போன கதை."

"எப்ப?"

அவன் இப்போதுதான் செருப்பைக் கழற்றினான். அவள் வயிறு எப்போது வலிக்க ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் தாள் கொள்முதலுக்கு வெளியூர் போய்வந்ததும் தெரியும். இரண்டையும் கூட்டப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

"என் வயித்துவலி," என்றாள்.

மாமியார் துண்டை மடித்து முடித்து அடுக்கில் வைத்தார். "ஆம்பளைன்னா வெளிய போற எடத்துல அப்படி இப்படி இருக்கத்தான் செய்வாங்க. அதையெல்லாம் கிளறிக்கிட்டிருந்தா குடும்பம் நடத்த முடியுமா?"

கண்ட ஆம்பளைங்களோட என்று தொடங்கிய வாய் அது. ஆம்பளைன்னா என்று முடிந்தது. நடுவில் ஒரு துண்டு மடிக்கிற நேரம்.

6

மறுநாள் காலை அவள் அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். விசாரணை இடத்தில் இருந்த ஆள், "எந்தப் பிரிவு?" என்றான். மெதுவாகச் சொன்னாள். அவன் மெதுவாகக் கேட்டுக்கொண்டு சத்தமாகத் திருப்பிச் சொன்னான். மாடிப்படிக்கு அடியில் திரும்பி, எக்ஸ்ரே அறையைத் தாண்டி, நேராகப் போனால் கடைசி அறை. எந்த ஆஸ்பத்திரியிலும் இது கடைசி அறைதான். கட்டிடமே வெட்கப்படுகிறது.

வெளியே நீளமான பெஞ்சு. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒன்றும் இல்லை.

உள்ளே இருந்த டாக்டர் ஒரு பெண். வேர்த்த முகம். முன்னால் ஆறிப்போன டீ. உட்காரச் சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்ததையெல்லாம் ஒதுக்கினார்.

"சொல்லுங்க."

அவள் சொன்னாள். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"கடைசியா யாரோட சேந்து இருந்தீங்க?"

"வீட்டுக்காரரோட."

"அவர் தவிர?"

"இல்ல."

"அவருக்கு?"

"இருந்திருக்கு."

சர்க்கரை இருக்கிறதா, அலர்ஜி இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில்தான் இந்தக் கேள்விகளும் வந்தன. அவள் என்னிடம் இதைச் சொன்னபோது அந்த ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒரே குரல் மேடம். ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

திரைக்குப் பின்னால் படுக்கவைத்தார். "உள்ள கருவி வைக்கப் போறேன். ஜில்லுன்னு இருக்கும். வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுறேன்." பஞ்சு சுற்றிய குச்சியால் கசிவைத் தொட்டு எடுத்து ஒரு குழாயில் போட்டு மூடினார். பிறகு உறை போட்ட விரல்களால் கர்ப்பப்பை வாயை மெல்ல அசைத்தார். அவள் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டாள். கண்ணில் நீர் வந்தது. [அது வலியால் வந்த நீர். அழுகையில் சேராது. அவளிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.]

"இது வாயு இல்லம்மா," என்றார் டாக்டர்.

அவள் வாயு என்ற சொல்லையே அங்கே சொல்லியிருக்கவில்லை. இந்த அறைக்கு வருகிற பெண்களில் பலர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள் போலிருக்கிறது.

டாக்டர் விளக்கினார். கிருமி முதலில் கர்ப்பப்பை வாயில் இருக்கும். ஆணுக்கு எரிச்சல், சீழ் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணுக்குப் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். கவனிக்காமல் விட்டால் மேலே ஏறும், கர்ப்பப்பைக்கு, கருக்குழாய்க்கு. அவளுக்கு ஏறிவிட்டது. கணவனுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து மனைவியை விட்டுவிட்டால், மனைவியிடமிருந்து அவனுக்கே திரும்பிப் போகும். அதுதான் நடந்திருக்கிறது.

"முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே ஊசி. ரெண்டு வாரத்துக்கு மாத்திரை, ஒரு வேளை விடக் கூடாது. இதோட வரக்கூடிய மத்த நோய்களுக்கும் ரத்தம் பாத்துடலாம். ரெண்டு பேருக்கும் மருந்து முடியுற வரைக்கும் சேர வேண்டாம். அவரைக் கூட்டிட்டு வாங்க."

"டாக்டர், ஆரம்பத்துலயே வந்திருந்தா?"

"ஒரு ஊசியோட போயிருக்கும்."

சொல்லிவிட்டு அவர் ஆறிய டீயைக் குடித்தார். அந்த ஒரு வாக்கியத்தை நானும் இதைவிட நீட்ட மாட்டேன்.

7

அவனை வில்லனாக்க நான் படாத பாடு பட்டேன். முதல் வரைவில் குடிக்கவைத்தேன். இரண்டாவதில் கைநீட்டி அடிக்கவைத்தேன். அவள் பேனாவை வாங்கி இரண்டையும் அடித்தாள்.

"குடிக்க மாட்டார். அடிச்சதும் இல்ல. நான் வர நேரமானா துணி துவைச்சு வச்சிருப்பார் மேடம்."

"அப்புறம் எப்படி?"

"அதான். நல்லவர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரியுது."

அவன் கடைசி அறைக்கு வர மறுத்தான். நம்ம டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றான். இரண்டு பேருக்கும் ஒன்றாக, ஒரே இடத்தில் என்று அவள் சொல்லிவிட்டாள். வந்தான். பெஞ்சில் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டே இருந்தான்.

"தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா?"

"பாத்தா, நீங்களும் அவங்களப் பாத்திருப்பீங்கல்ல," என்றாள்.

பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகு, ஆஸ்பத்திரி வளாகத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நின்று அவன் எல்லாவற்றையும் சொன்னான். வெளியூரில் மற்ற அச்சகக்காரர்களோடு. ஒரே ஒரு தடவை. ஊர் திரும்பி, அவளோடு இருந்த பிறகுதான் எரிச்சல் தொடங்கியது. குடும்ப டாக்டரிடம் ஓடினான்.

"உன்கிட்ட சொன்னா நீ போயிடுவியோன்னு பயமாயிருந்துச்சு."

"அதனால?"

"மருந்து சாப்பிட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

"யாருக்கு?"

 அவன் அழுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். [இங்கே அவளுக்கு இரக்கம் வந்தது என்று ஒரு வாக்கியம் தொடங்கி——. இல்லை. வந்திருக்கலாம். எனக்கு வரவில்லை.]

அவன் கெட்டவன் என்றால் எனக்கு எழுதுவது சுலபம். படிப்பது உங்களுக்கும் சுலபம். நம் வீட்டில் இப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அவன் பயந்தாங்கொள்ளி. பயந்தவன் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். அவள் வலியில் சுருண்டு கிடந்த நாட்களில் சுடுதண்ணீர்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தவன் அவன்தான். ஏன் வலிக்கிறது என்று தெரிந்தே கொடுத்தான்.

8

மருந்து முடிந்தது. மறுபரிசோதனையில் இரண்டு பேருக்கும் கிருமி இல்லை. ரத்தத்தில் வேறு எதுவும் இல்லை. வலி படிப்படியாகக் குறைந்தது. பிறகு கருக்குழாய்களில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு குழாய் அடைபட்டிருந்தது. மற்றதில் மருந்து கஷ்டப்பட்டுத்தான் போனது.

"குழந்தை வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்," என்றார் கடைசி அறை டாக்டர். "சுலபமா வராது."

அங்கிருந்து அவள் நேராகக் குடும்ப டாக்டரிடம் போனாள்.

இந்த டாக்டருக்கு முதல் வரைவில் விரல் விரலாக மோதிரம் போட்டிருந்தேன். தொப்பை வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். அவர் ஒல்லியானவர், எளிமையானவர். வருகிறவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று ஞாபகம் வைத்திருப்பார். எல்லோருக்கும் பிடித்தவர். அவள் கல்யாணத்துக்கு வந்திருந்தார்.

வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவள் டோக்கன் வாங்கி, தன் முறை வரும்வரை காத்திருந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

"கதவைச் சாத்துமா."

"இருக்கட்டும் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு என்ன நோய்னு உங்களுக்கு முதல்லேருந்தே தெரியும்."

அவர் கண்ணாடியைச் சரி செய்தார். "ஒரு நோயாளியோட விஷயத்த இன்னொருத்தர்கிட்ட பேசக் கூடாதும்மா. எங்க தொழில் தர்மம் அது."

"சரி. அவரை விட்டுடுங்க. என் விஷயம் பேசலாமா? நானும் உங்க நோயாளிதானே?"

"சொல்லும்மா."

"அவருக்கு ஊசி போட்டு அனுப்பினீங்க. கொஞ்ச நாள்ல நான் அடிவயிறு வலிக்குதுன்னு இதே நாற்காலில வந்து உக்காந்தேன்."

"வீட்ல கூட்டிட்டு வாங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். அவர் கூட்டிட்டு வரல."

"நானே வந்தேனே டாக்டர்."

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார்.

"ஒரு தடவை இல்ல, மூணு தடவை வந்தேன். அவர் ரகசியத்த நீங்க எனக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம். என் வயித்தப் பாத்திருக்கலாம். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். எதுக்குன்னு கேட்டா, பொம்பளைங்க எல்லாருக்கும் பாக்குறதுதான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயுன்னு ஒரு பொய் சொன்னீங்களே, அதுக்குப் பதிலா."

"ஒரு குடும்பம் ஒடஞ்சிடக் கூடாதேன்னு நெனச்சேம்மா. நீ எனக்குப் பொண்ணு மாதிரி."

"உங்க பொண்ணு வயித்துவலின்னு வந்து நின்னா வாயு மாத்திரைதான் கொடுப்பீங்களா?"

"சத்தம் போடாதம்மா. வெளிய ஆளுங்க இருக்காங்க."

அவள் சத்தம் போட்டிருக்கவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான் அது. பக்கத்தில் இருப்பவர் பதறாமல் இருக்கப் பழக்கிவைத்த குரல்.

"ரெண்டாவது தடவை அவருக்கு வந்தப்ப மட்டும், இது வீட்லேருந்துதான் வந்திருக்கும்னு சொல்ல உங்களுக்கு வாய் வந்துச்சே. அது என்னைப் பத்தின விஷயம்தானே? என்னையப் பரிசோதனை பண்ணிப் பாக்கக்கூட இல்ல, சொல்லிட்டீங்க. அப்ப உங்க தர்மம் எங்க போச்சு டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரே படத்தை அவள் மேஜைமேல் வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

9

முடிவு என்று ஒன்று வேண்டுமாம். சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் மருத்துவர்களுக்கான மேலிடத்தில் புகார் கொடுக்கிறாள், விசாரணை நடக்கிறது, அவருடைய பெயர்ப்பலகையைக் கழற்றுகிறார்கள். [புகார் உண்மை. கொடுத்திருக்கிறாள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. பலகை அங்கேயே இருக்கிறது. அதைப் புதிதாக அச்சடித்த மாதிரி துடைத்துவேறு வைத்திருக்கிறார்கள்.]

இன்னொன்றில் மாமியார் மனம் மாறி, மருமகளின் கையைப் பிடித்து——. [பிடிக்கவில்லை. விட்டுவிடுங்கள்.]

மூன்றாவதில் அவளும் அவனும் ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி அறை டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். அதை எழுதிய தாளை நான் கசக்கி எறிந்தேன். ஒருத்தியின் கோபத்தைத் தணிக்கக் குழந்தையை அனுப்புவது நம் கதைகளின் பழைய தந்திரம்.

நடந்தது இவ்வளவுதான். அவள் இப்போது பயிற்சிப் பள்ளிக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். அவன் வாரக் கடைசியில் வந்து வாசல் கதவுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போகிறான். சில நாள் அவள் இறங்கி வருகிறாள். சில நாள் மேலேயிருந்தே பதில் சொல்கிறாள். சேர்ந்துவிடுவாளா, பிரிந்துவிடுவாளா என்று நான் கேட்டேன்.

"அதை நீங்க முடிக்காதீங்க மேடம். நானே இன்னும் முடிக்கல."

ஆகவே அந்த முடிவு அவளுடையது. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

உங்களுக்கு என்று நான் விட்டுவைத்திருப்பது வேறொன்று. குடும்ப டாக்டரின் அறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது நாற்காலிகளில் அத்தனை பேர் இருந்தார்கள் என்றேன் அல்லவா? கதவு திறந்துதான் இருந்தது. எல்லோரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். அவள் அவர்களைக் கடந்து போனபோது ஒருவர் செல்போனைப் பார்த்தார். ஒருவர் காலணியைப் பார்த்தார். ஒரு பெண் மட்டும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த தன் கணவனைப் பார்த்தாள். அவன் டோக்கனைப் பார்த்தான். யாரும் எழுந்து போகவில்லை. நல்ல டாக்டர், கைராசிக்காரர், வீட்டுக்குப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த நாற்காலிகளில் ஒன்றில் உங்களை நான் உட்காரவைத்திருக்கிறேன். முதல் வரியிலிருந்தே அங்கேதான் இருக்கிறீர்கள். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். உள்ளேயிருந்து மணி அடிக்கிறது. அடுத்த முறை உங்களுடையது.

உள்ளே போகிறீர்கள். எக்ஸ்ரே படம் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. அவர் அதன்மேல் ஒரு பத்திரிகையை எடுத்து வைக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உங்களை அடையாளம் தெரிந்து, அன்பாகச் சிரிக்கிறார்.

"வாங்க, வாங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சொல்லுங்க."

சொல்லுங்கள்.